கார்டு யாருக்குச் சொந்தம்?

நடுவர் அவர்களே, 'கார்டு (chord) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உரிமை இசைக்கா, வடிவியலுக்கா?' என்பது தலைப்பு. முன்னால் பேசிய எதிரணி நண்பர், "நரம்பு இல்லாமல் கிடார் ஏது? நரம்புக்குக் கிரேக்க மொழியில் 'கோர்டே'. ஆகவே சொல் எங்களுடையது" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன்.

ஆனால் நடந்திருப்பது ஆள்மாறாட்டம். சி, ஈ, ஜி என்று மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் அதை சி மேஜர் கார்டு என்கிறார்கள் அல்லவா? அந்தக் கார்டுக்கும் நரம்புக்கும் பிறப்பில் உறவே கிடையாது. அது 'அக்கார்ட்', அதாவது இணக்கம் என்ற சொல்லின் தலை போன மிச்சம். அதன் வேர் லத்தீனில் இதயத்தைக் குறிக்கும் 'கோர்'. ஆங்கிலத்தில் முதலில் 'எச்' எழுத்து இல்லாமல்தான் எழுதினார்கள். நரம்பைக் குறிக்கும் லத்தீன் 'கோர்டா'வோடு குழப்பிக்கொண்டு அப்புறம் செருகியதுதான் அந்த 'எச்'. வடிவியல் அணியான எங்களுக்கோ அது பூர்வீகச் சொத்து. வட்டத்தில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்குப் பெயரே கோர்டாவிலிருந்து வந்தது. நம் பாடநூலிலும் வளைவு வில், கோடு நாண்.

"2ஆம் நூற்றாண்டில் அரை டிகிரிக்கு ஒன்றாக நாண்களின் நீளத்துக்கு அட்டவணை போட்ட கிரேக்க வானியலாளர் தாலமி, நாணை வெறும் நேர்கோடு என்றுதானே சொன்னார்?" என்று எதிரணி கேட்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆரியபட்டர் கி.பி. 499 வாக்கில் அரைநாண்களுக்குக் கணக்குச் சொன்னபோது எடுத்த சொல் 'ஜ்யா'. சமஸ்கிருதத்தில் அது வில்லின் நாண்! அதன் இன்னொரு வடிவமான 'ஜீவா' அரபியில் 'ஜீபா' ஆனது. உயிர்க்குறி இல்லாமல் எழுதியதால் அதை 'ஜைப்' என்று படித்துவிட்டார்கள். ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு. 12ஆம் நூற்றாண்டு லத்தீன் மொழிபெயர்ப்பில் அதுவே 'சைனஸ்', இன்று முக்கோணவியலில் சைன். கிரேக்கம் அல்லாத இன்னொரு மொழியிலும் இந்தக் கோட்டைப் பார்த்தவருக்குக் கயிறுதான் தோன்றியிருக்கிறது.

எதிரணியின் கையில் மிச்சம் இருப்பது, சுர இடைவெளிகளை அளக்கும் பழைய நரம்புக் கருவியான மோனோகார்டு. அதன் பெயரில் உண்மையான கோர்டே இருக்கிறது, மறுக்கவில்லை. நரம்பைப் பாதியாக்கினால் ஓர் ஆக்டேவ் மேலே ஒலிக்கும், மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம் வரும். இப்படி அளந்து பிரிப்பது யார் வேலை? அதுகூடப் போகட்டும். மோனோகார்டில் இருப்பது ஒற்றை நரம்பு. அதில் சி, ஈ, ஜி மூன்றையும் ஒரே நேரத்தில் எப்படி எழுப்புவார்கள்? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். நன்றி.