கோபுரமா, குடும்பமா? நம்ம கட்சி குடும்பம்

நடுவர் அவர்களே, வணக்கம். இந்துக்கள் குறைவாக உள்ள நாட்டில் சமயத்தைக் காப்பாற்றுவது கோபுரமா குடும்பமா என்று கேட்டால், எதிரணித் தலைவர் வந்ததும் வராததுமாக 'கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்' என்று பழமொழியை எடுத்து வீசிவிட்டுப் போகிறார். சரி ஐயா, கோயில் இருந்தும் குடி இல்லாத ஊர் ஒன்றைக் காட்டுகிறேன், வாருங்கள்.

வியட்நாமில் மி சன். 4-ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற மன்னன், சாம் மக்களின் பழைய ராஜ்யமான சாம்பாவை ஆண்டவன், சிவனுக்குக் கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு, அப்புறம் வந்தவர்களும் நூற்றாண்டுக் கணக்கில் செங்கல் கோபுரமாகக் கட்டித் தள்ளினார்கள். ராஜ்யம் சரிந்தது, காடு மூடியது. மிஞ்சியதில் பெரிய கோபுரத்தை 1969-இல் அமெரிக்கக் குண்டு தகர்த்தது. 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்போது டிக்கெட் வாங்கி செல்ஃபி எடுக்கலாம்.

ஆனால் சமயம் சாகவில்லையே! வியட்நாமில் முன்பு நின் துவான், பின் துவான் மாகாணங்களாக இருந்த பக்கம், அந்த சாம் மக்களில் இந்து வழி வந்த பாலமோன் சாம்கள் 60 ஆயிரத்துச் சொச்சம் பேர், கிட்டத்தட்ட 10 கோடி ஜனத்துக்கு நடுவில். பாலமோன் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம 'பிராமண'தான். மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். இறந்தவரை எரித்து, நெற்றி எலும்பில் ஒன்பது துண்டு எடுத்துவைத்து, பிறகு தாய்வழிக் குலத்தின் கல் நட்ட இடத்தில் சேர்க்கிறார்கள். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவார், ஆனால் எத்தனை வருஷம் மாமியார் சோறு சாப்பிட்டாலும் எலும்பு மட்டும் அம்மா குலத்துக்குத்தான் திரும்பும். இந்தக் கணக்கை எந்தக் கோபுரம் வைத்திருக்கிறது?

ஹோ சி மின் நகர மாரியம்மன் கோயிலைச் சொன்னார் ஒருவர். 1975-க்குப் பிறகு தமிழர்கள் பெரும்பாலும் கிளம்பியும் கோயில் நிற்கிறதாம். நிற்கிறது, யாரால்? கொத்தாக ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு நிற்கும் வியட்நாமியப் பெண்களால். அம்மா கும்பிட்டாள், மகள் வருகிறாள். இது எங்கள் கட்சிக்குச் சாட்சி, தவறுதலாக அங்கே உட்கார்ந்திருக்கிறது!

கடைசியாக இந்த சாம்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் 'காத்தே' திருவிழா. போ க்லோங் கராய் என்ற அவர்களுடைய கோயில் கோபுரத்தில் முகம் செதுக்கிய லிங்கம், அதைக் குளிப்பாட்டி உடுப்பு அணிவிக்க வேண்டும். காத்தேக்கான தெய்வ உடுப்புகளை ராக்லாய் என்ற மலை மக்கள் ஆண்டு முழுக்கப் பத்திரமாக வைத்திருந்து, விழாவுக்கு இறக்கிக்கொண்டு வருகிறார்கள். சாமி கோபுரத்தில் இருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். அவர் கட்டுகிற துணி யார் கையில் இருக்கிறது, அதை எதிரணி சொல்லட்டும்.