இரண்டு சாவிகள்

நேயர்களுக்கு வணக்கம். 1960இல் பில்லி வைல்டர் இயக்கத்தில் வெளிவந்த 'தி அபார்ட்மெண்ட்' என்னும் ஹாலிவுட் படத்தைக் காதல் நகைச்சுவை என்பார்கள். எனக்கோ அது இரண்டு சாவிகளின் கதை.

நியூயார்க்கில் 31,259 ஊழியர்களைக் கொண்ட ஒரு காப்பீட்டு நிறுவனம். பதினாறு லிஃப்டுகள் இருந்தும் நெரிசலுக்கு அஞ்சி மாடிக்கு மாடி அலுவல் நேரத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் மாடியில், 861ஆம் எண் மேசையில் இருக்கும் குமாஸ்தா பாக்ஸ்டர், அதாவது ஜாக் லெமன், மேலதிகாரிகள் தங்கள் ரகசியக் காதலிகளைச் சந்திக்கத் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, குளிரில் தெருவில் நிற்கிறான். அதற்குக் கூலியாகப் பதவி உயர்வும், உயர் அதிகாரிகளுக்கு மட்டுமேயான கழிவறையின் சாவியும் வந்து சேர்கின்றன. முடிவே தெரியாமல் நீளும் அந்த அலுவலகக் கூடம் ஒரு கண்கட்டு வித்தை; பின்வரிசைக்குப் போகப் போக மேசைகளையும் ஆட்களையும் சிறிதாக்கிய அலெக்சாண்டர் ட்ரோனரின் கலை இயக்கம், படம் வென்ற ஐந்து ஆஸ்கர்களில் ஒன்றைப் பெற்றது.

பாக்ஸ்டர் விரும்புவது லிஃப்ட் இயக்கும் ஃபிரானை. ஷெர்லி மெக்லெய்ன் நடித்த பாத்திரம். தன் வீட்டில் யாரோ விட்டுச்சென்ற, கண்ணாடி விரிசல் கண்ட பவுடர் டப்பாவை, சாவி வாங்கும் மேலதிகாரிகளில் ஒருவரான ஷெல்ட்ரேக்கிடம் ஒருநாள் அவன் திருப்பித் தருகிறான். கிறிஸ்துமஸ் விருந்தன்று, புதிதாக வாங்கிய தொப்பி எப்படியிருக்கிறது என்று அவன் கேட்க, முகம் பார்த்துக்கொள்ளும்படி ஃபிரான் நீட்டுவது அதே டப்பாவை. யாரும் எதையும் விளக்கவில்லை. விரிசலில் இரண்டாகத் தெரியும் தன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. கண்ணாடி உடைந்திருக்கிறதே என்கிறான். தன் மனநிலையும் அப்படித்தான் என்று அவள் சொல்லும்போது, அவன் எதைக் கண்டுகொண்டான் என்பது அவளுக்குத் தெரியாது. வைல்டரும் ஐ.ஏ.எல். டயமண்டும் எழுதிய திரைக்கதையில் இதற்கு இணையான இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

பிறகு ஒரு நாள், புத்தாண்டு இரவுக்காக ஷெல்ட்ரேக் மறுபடியும் சாவி கேட்கிறார். பாக்ஸ்டர் ஒரு சாவியை மேசைமேல் வைக்கிறான். இது கழிவறைச் சாவியாயிற்றே என்று அவர் திகைக்க, இனி அது தேவைப்படாது என்கிறான். அதையொட்டி ஆங்கிலத்தில் அவன் அடிக்கும் சிலேடையைத் தமிழில் அப்படியே சொல்லிவிடலாம்: இந்த உத்தியோகத்தையே அவன் கைகழுவிவிட்டான். போகிற வழியில், ஆசையாய் வாங்கிய அந்தத் தொப்பியைக் கழற்றி ஒரு துப்புரவுத் தொழிலாளியின் தலையில் வைத்துவிட்டு வெளியேறுகிறான்.