கம்பி போக வழி வேண்டும்

வணக்கம் நேயர்களே. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், காற்று ஆளையே தள்ளும். அந்த நேரத்திலும் சில காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு வருவதுண்டு. அதற்கு ஒரு முக்கியக் காரணம், கிடைக்கிற மின்சாரம் முழுவதையும் கொண்டுபோக மின்பாதை போதாதது.

சூரிய மின் நிலையத்தை ஒன்றிரண்டு வருடத்தில் கட்டிவிடலாம், பெரிய மின்பாதை அதைவிட நெடுங்காலம் இழுக்கும். கோபுரம் நிறுத்துவதிலோ கம்பி இழுப்பதிலோ பெரிய தாமதமில்லை. வழியில் ஒரே ஒரு தோட்டத்தில் பிரச்சினை தீராமல் நின்றால் போதும், இரண்டு பக்கமும் கோபுரங்கள் தயாராக இருந்தும் மின்சாரம் ஓடாது.

சரி, அந்தத் தோட்டக்காரர் இடத்தில் நின்று பாருங்கள். 400 கிலோவோல்ட் பாதை என்றால் சுமார் 46 மீட்டர் அகலத்துக்குள் ஒரு தென்னை நிற்கக் கூடாது. வெட்டிய மரத்துக்குப் பணம் வரும், ஆனால் அந்த இடத்தில் மறுபடி தென்னை வைக்க முடியாது, நிலத்தை விற்கப் போனால் விலை படியாது, பட்டா மட்டும் அவர் பெயரிலேயே இருக்கும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம்மூர் புகளூருக்கு மின்பாதை வந்தபோது கொங்கு விவசாயிகள் அத்தனை கோபமாகப் போராடியதில் நியாயம் இருந்தது.

மத்திய அரசின் 2015 வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றிருந்தது. 2024 ஜூனில் அதை 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் தொகையைப் போலவே அது எப்போது கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். குழி தோண்டும் முன்பே பணம் வங்கியில் ஏறட்டும், வரைபடத்தில் கோடு போடும்போதே ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எந்த வரப்போரமாகப் போனால் சேதம் குறையும் என்று அவர்களே காட்டுவார்கள். போலீஸ் பாதுகாப்போடு வேலையை ஆரம்பித்துவிட்டு அப்புறம் கோர்ட்டுக்கு அலைவதைவிட இது சீக்கிரம் முடியும்.

இன்னொன்று, பல இடங்களில் இருக்கிற கோபுரங்களிலேயே பழைய கம்பியை மாற்றி, அதிகச் சூடு தாங்கியும் தொய்யாத கம்பியைப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மின்சாரம் போகும், புதிதாக ஒரு சென்ட் நிலம்கூட வேண்டாம். அதைக் காற்று குறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் செய்ய வேண்டும். வைகாசியில் காற்று எடுத்துவிட்டால் பாதையை நிறுத்தி வேலை பார்ப்பது கஷ்டம்.