அறுந்த விரல் எத்தனை மணி நேரம் தாங்கும்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் பிளாஸ்டிக் சர்ஜன். அறுந்த விரல், எலும்பு தெரிகிற காயம், தீக்காயம், உதட்டுப் பிளவு எல்லாம் எங்கள் துறையில் வருபவைதான்.

பவர் பிரஸ்ஸிலோ கரும்பு ஜூஸ் மெஷினிலோ விரல் துண்டாகி வருகிறவர்கள், அந்த விரலை எதில் போட்டுக் கொண்டுவருகிறார்கள் தெரியுமா? எவர்சில்வர் டப்பாவில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே. பாலில். உப்புத் தண்ணீரில். மஞ்சள்தூள் அப்பிய துணியில். எல்லாம் அக்கறையோடு செய்வதுதான். பிரச்சினை என்னவென்றால், இவை ஒவ்வொன்றும் விரலைக் கெடுக்கும். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை உறைந்து செத்துவிடும். தண்ணீரிலோ பாலிலோ ஊறினால் ரத்தக்குழாய் நைந்துவிடும். விரலின் ரத்தக்குழாய் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான், நுனிப் பக்கம் அதுவும் இல்லை. தலைமுடியைவிட மெல்லிய நூலால் மைக்ராஸ்கோப் வைத்துத்தான் அதைத் தைக்க வேண்டும்.

சரியான முறை எளிது. விரலை நல்ல தண்ணீரில் லேசாக அலசுங்கள். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றுங்கள். தண்ணீர் புகாத பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீருமாக உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். காயம்பட்ட கையில் துணியை வைத்து அழுத்தி, கையை மேலே தூக்கிப் பிடியுங்கள். விரல் காயத்துக்குக் கயிறு போட்டு இறுக்க வேண்டாம்.

இப்படிக் குளிர்ச்சியாக வைத்த விரல் 12 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். விரலுக்குள் தசை இல்லை, அதனால்தான். மணிக்கட்டுக்கு மேலே, முழங்கைப் பக்கம் துண்டானால் கதை வேறு. அங்கே தசை இருக்கிறது. ரத்தம் இல்லாமல் தசை சில மணி நேரத்தில் அழியத் தொடங்கும், 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும். அதனால் வண்டியில் ஏறும்போதே ஒருவர் போன் செய்து, "உங்களிடம் மைக்ரோ சர்ஜரி இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். பாதி கேஸ்களில் நேரம் போவது சாலையில் இல்லை, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பதில்தான் போகிறது.

முழுதாகத் துண்டான கட்டைவிரலை முதன்முதலில் வெற்றிகரமாக ஒட்டியது 1965-இல், ஜப்பானின் நாரா மாகாணத்தில். கட்டைவிரல் போனால் கையின் வேலையில் ஏறக்குறைய பாதி போனது போல. அதனால் கட்டைவிரலையும் குழந்தைகளின் எந்த விரலையும் ஒட்டத்தான் பார்ப்போம். கட்டைவிரல் கிடைக்கவே இல்லையென்றால் காலிலிருந்து ஒரு விரலை எடுத்துக் கையில் வைப்பதும் உண்டு.

ஒட்ட முடிகிற எல்லாவற்றையும் ஒட்டியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆள்காட்டி விரல் மட்டும் மூட்டோடு நசுங்கிப் போன ஒரு கூலித் தொழிலாளி. அதை ஒட்டினால் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது, கடைசியில் விரல் மடங்காமல் விறைப்பாக நிற்கும், குளிர் பட்டால் வலிக்கும். நுனியை மூடித் தைத்தால் சில வாரங்களில் சம்பாதிக்கத் தொடங்கிவிடுவார். இதை அவரிடமும் வீட்டாரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். "எப்படியாவது ஒட்டிடுங்க சார்" என்று சொல்லும்போது பேசுவது கடினம்தான், இருந்தாலும் பேச வேண்டும்.

சாலை விபத்தில் கால் எலும்பு வெளியே தெரிகிற காயங்களுக்கும் நேரக் கணக்கு உண்டு. தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து வைக்கிறோமே, அது பிழைக்க அடியில் ரத்த ஓட்டமுள்ள சதை வேண்டும். மேலுறை உரிந்த வெற்று எலும்பின் மேல் அது பிடிக்காது. ரத்தக்குழாயோடு சேர்ந்த சதையைத் திருப்பி மூட வேண்டும், அதையும் முதல் சில நாட்களிலேயே செய்வது நல்லது. எலும்பு டாக்டர் வாரக்கணக்கில் கட்டுப்போட்டுவிட்டு, சீழ் பிடித்த பிறகு எங்களிடம் அனுப்புகிற பழக்கம் குறைந்துவருகிறது. இதில் கோவைக்குப் பங்கு உண்டு. இப்படிப்பட்ட காலைக் காப்பாற்றலாமா, எடுப்பதா என்று கணிக்க கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறையை வெளிநாடுகளிலும் பார்க்கிறார்கள். பணத்துக்காகத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துகளுக்கு, இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே பணம் கட்டுகிறது.

பிளாஸ்டிக் சர்ஜரித் துறையே மேல்நாட்டிலிருந்து வந்தது என்று நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு செய்தி. திப்பு சுல்தானுடன் நடந்த போரில் கும்பினிப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கு அறுக்கப்பட்டார். புனே பக்கம் ஒருவர் மெழுகில் மூக்கின் அளவெடுத்து, நெற்றித் தோலைத் திருப்பி அவருக்குப் புது மூக்கு செய்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு வெளியிட்டது. இருபது ஆண்டு கழித்து கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் அதே முறையில் அறுவை செய்தார். நெற்றித் தோல் முறை இன்றும் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயால் மடங்கிய விரல்களை, இயங்குகிற தசைநாணை இடம் மாற்றி வைத்து நிமிர்த்தியது 1940-களின் கடைசியில் தொடங்கியது.

தீக்காயத்துக்கு வருவோம். முதலில் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பேனா மை, பற்பசை, தோசைமாவு எதுவும் வேண்டாம். இது பலருக்கும் தெரியும். தெரியாத ஒன்று தலையணை. கழுத்தும் நெஞ்சும் வெந்தவருக்குத் தலையை உயர்த்திப் படுத்தால் சுகமாக இருக்கும், அம்மாவும் பாசத்தோடு ஒரு தலையணையை வைத்துவிடுவார். அந்தச் சுகமான நிலையிலேயே தோல் சுருங்கி, தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். எந்த நிலையில் வலி குறைகிறதோ அந்த நிலையிலேயே உறுப்பு இறுகும். அதனால் கழுத்து வெந்தவருக்குத் தலையணை கிடையாது. கை வெந்தவர் அக்குளை விரித்தே வைக்க வேண்டும். காயம் ஆறிய பிறகு இறுக்கமான உடுப்பைக் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும், பல மாதங்கள் போட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது கொடுமை, ஒத்துக்கொள்கிறேன்.

பிறவிக் குறைகளில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும், அதாவது மேல்வாய்ப் பிளவும், முக்கியமானவை. சுமார் 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் என்று இன்னும் சொல்கிறார்கள், மருமகளைத் திட்டுகிறார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் முகத்தின் பகுதிகள் வந்து சேர வேண்டும், சேராமல் போனால் பிளவு. பரம்பரை, புகை, சில வலிப்பு மாத்திரைகள் எனக் காரணங்கள் பல. பெரும்பாலான குடும்பங்களில் இதுதான் என்று எதையும் காட்ட முடியாது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

அண்ணம் பிளந்த குழந்தையால் மார்பில் உறிஞ்ச முடியாது, வாய்க்குள் காற்று ஒழுகும். பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்தி வைத்து, சங்கிலோ பாலாடையிலோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். நம் பாட்டிமார்களுக்குக் கைவந்த வேலை இது. சுமார் மூன்று மாதத்தில், எடை 4.5 கிலோ வந்து, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம் இருந்தால் உதட்டைத் தைக்கலாம். அண்ணத்தை ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடிவிட வேண்டும்.

உதடு சேர்ந்ததும் முகம் அழகாகிவிட, பலர் அண்ணத்துக்குத் திரும்பி வருவதில்லை. வெளியே தெரியாத ஓட்டைதானே என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தை பேசக் கற்றுக்கொள்வது அந்த வயதில்தான். பிளவோடு பழகிய நாக்கு 'ப'வையும் 'க'வையும் மூக்கு வழியாகச் சொல்லும். பத்து வயதில் மூடினால் ஓட்டை அடையும், பேச்சைத் திருத்துவது பெரும் பாடு. நடுக்காதில் நீர் கோப்பதால் காதையும் சோதிக்க வேண்டும். ஈறில் பிளவு இருந்தால் கோரைப்பல் முளைப்பதற்கு முன், எட்டுப் பத்து வயது வாக்கில், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்ப வேண்டும். அறுவைக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி தருபவரைக் கட்டாயம் பாருங்கள்.

அங்கன்வாடிக்கு வரும் அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழு இந்தப் பிளவுகளையும் பதிவு செய்துகொள்கிறது. குழந்தையை அவர்களிடம் காட்டுங்கள், சிகிச்சைக்கு எங்கே போவது என்று எழுதித் தருவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். வணக்கம்.