வாளுக்கு முன்னால் ஒரு சொல்: எட்வின் அரியணை ஏறிய கதை

[திரையில்: வடக்கு இங்கிலாந்தின் வரைபடம். ஹம்பர் ஆற்றுக்கு மேலே இரண்டு நாடுகள்.]

எட்வினுக்கு நாடு பறிபோனது சொந்த மைத்துனரால்.

சுமார் கி.பி. 604. இங்கிலாந்து என்ற ஒரே நாடு அப்போது கிடையாது. ஹம்பர் ஆற்றுக்கு வடக்கே டெய்ரா, அதற்கும் மேலே பெர்னீசியா. டெய்ராவை ஆண்ட குடும்பத்து இளவரசர் எட்வின். பெர்னீசியாவின் மன்னர் எத்தெல்ஃப்ரித் டெய்ராவையும் பிடித்துக்கொண்டார், எட்வினின் சகோதரியையும் மணந்துகொண்டார். சட்டப்படி வாரிசு என்று சொல்லிக்கொள்ள ஓர் இளவரசர் உயிரோடு இருக்கும்வரை பிடித்த நாடு கையில் நிற்காது. அதனால் எட்வின் ஓட வேண்டியதாயிற்று.

நாடு கடந்து வாழ்ந்த இளவரசர் என்றதும் காட்டில் ஒளிந்து படை திரட்டியவராக நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் அவர் இன்னொரு மன்னரின் மாளிகையில் விருந்தாளி. அவருடைய சாப்பாடு, படுக்கை, உயிர் எல்லாம் அந்த மன்னரின் வாக்கில் தொங்கும். மன்னர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். இவரை வைத்திருந்தால் நாளைக்கு உதவும், விற்றால் இன்றைக்கே காசு. எட்வினின் உறவினர் ஹெரெரிக் எல்மெட் என்ற சிறு நாட்டில் அடைக்கலமாக இருந்தபோதுதான் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார். (பின்னாளில் விட்பி மடத்தின் தலைவியாகப் புகழ்பெற்ற ஹில்டா அவருடைய மகள்.)

எட்வின் மெர்சியாவில் கொஞ்ச காலம் இருந்தார். அந்நாட்டு மன்னரின் மகளை மணந்து இரண்டு ஆண் குழந்தைகளும் பிறந்தார்கள். அப்புறம் கிழக்கே, ஈஸ்ட் ஆங்கிலியா மன்னர் ரெட்வால்டிடம் போய்ச் சேர்ந்தார்.

[திரையில்: இரவு. பெரிய மரக்கூடம். வெளியே ஒரு கல்.]

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த இரவைப் பற்றி நமக்குச் சொல்பவர் பீட் என்ற துறவி. அவர் தன் வரலாற்றை 731-ல் முடித்தார்.

எட்வின் எங்கே இருக்கிறார் என்று எத்தெல்ஃப்ரித்துக்குத் தெரிந்துவிட்டது. தூது வந்தது: அவரைக் கொன்றுவிடு, வெள்ளி தருகிறேன். ரெட்வால்ட் அசையவில்லை. இரண்டாவது தூது, மூன்றாவது தூது. வெள்ளி கூடிக்கொண்டே போனது, கூடவே போர் மிரட்டலும் வந்தது. எத்தெல்ஃப்ரித் சாதாரண ஆள் இல்லை, 603-ல் டால் ரியாட்டா (இன்றைய ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கம் இருந்த ஐரிஷ் மொழி பேசும் நாடு) மன்னரின் பெரும்படையைச் சிதறடித்தவர். கடைசியில் ரெட்வால்ட் சரி என்று சொல்லிவிட்டார்.

எட்வின் படுக்கப் போகும் நேரம். நண்பர் ஒருவர் வந்து அவரை வெளியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்கிறார். "இப்போதே கிளம்புங்கள், யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்துக்குக் கூட்டிப்போகிறேன்" என்கிறார். எட்வின் மறுக்கிறார். இந்த மன்னருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், இவர் எனக்கு இதுவரை ஒரு கெடுதலும் செய்ததில்லை, நான் முதலில் முறிக்க மாட்டேன் என்கிறார். பிரிட்டன் முழுக்க இத்தனை வருடம் அலைந்தாயிற்று, இனி எங்கே ஓடுவது என்றும் கேட்கிறார். நண்பர் போய்விடுகிறார். எட்வின் மாளிகைக்கு வெளியே ஒரு கல்மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

அந்த இருட்டில் முன்பின் தெரியாத ஒருவர் தோன்றி எதிர்காலத்தைச் சொன்னதாகவும் பீட் எழுதுகிறார். அது பக்தியில் வந்த பகுதி என்றே நான் நினைக்கிறேன். எனக்குப் பெரிதாகப் படுவது அதே இரவு உள்ளே நடந்தது.

ரெட்வால்ட் தன் முடிவை மனைவியிடம் மட்டும் சொல்கிறார். அந்த அரசி அவரைத் தடுக்கிறார். துன்பத்தில் இருக்கும் நண்பனைப் பொன்னுக்கு விற்பது பெரிய மன்னருக்கு அழகல்ல, எல்லா அணிகலனையும்விட விலை உயர்ந்தது உங்கள் மானம், அதைப் பணத்துக்காக இழக்காதீர்கள் என்கிறார். ரெட்வால்ட் மனம் மாறினார். எட்வின் அரியணை ஏறியது அந்தப் பேச்சினால்தான். ஆனால் அந்த அரசியின் பெயரை பீட் எழுதி வைக்கவில்லை. இதைச் சரித்திர நாவலாக எழுத நினைப்பவர்கள் போர்க்களத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, அந்த அறைக்குள் முதலில் போக வேண்டும் என்பது என் ஆசை.

[திரையில்: சட்டன் ஹூவில் கிடைத்த பொன் இடைவார்க் கொக்கி.]

"பொன்" என்று அந்த அரசி சொன்னது வெறும் பேச்சு இல்லை. 1939-ல் ஈஸ்ட் ஆங்கிலியாவின் சட்டன் ஹூவில் சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலோடு ஒரு பெரிய மனிதரைப் புதைத்த இடம் கிடைத்தது. இந்த ஒரு கொக்கியே 400 கிராமுக்கு மேல். அங்கே புதைக்கப்பட்டவர் ரெட்வால்டாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இப்படிப் பொன்னைப் பூட்டிக்கொண்டு வாழ்ந்தவர்களிடம்தான் மானம் அதைவிட மேல் என்று ஒரு பெண் சொன்னார்.

தூதர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். எத்தெல்ஃப்ரித் முழுப் படையையும் கூட்டுவதற்குள் ரெட்வால்ட் கிளம்பிவிட்டார். 616-ல் ஐடில் ஆற்றின் கிழக்குக் கரையில் சண்டை. எத்தெல்ஃப்ரித் அங்கேயே விழுந்தார். ரெட்வால்டின் மகன் ரேகன்ஹேரும் இறந்தார். அடைக்கலம் தந்தவர் அதற்குக் கொடுத்த விலை, தன் பிள்ளை.

எட்வினுக்கு டெய்ரா மட்டுமல்ல, பெர்னீசியாவும் சேர்ந்தே கிடைத்தது. வழிப்போக்கர்கள் தண்ணீர் குடிக்கச் சாலையோர ஊற்றுகளில் கம்பம் நட்டு வெண்கலக் கிண்ணங்களைத் தொங்கவிட்டாராம், யாரும் அவற்றைத் திருடவில்லையாம். பல வருடம் அகதியாக நடந்தவருக்கு வழிநடை தாகம் தெரிந்திருக்கும்.

ஆனால் இந்த வெற்றியில் இன்னொரு வீட்டுப் பிள்ளைகள் வெளியேறினார்கள். எத்தெல்ஃப்ரித்தின் மகன்கள், அதாவது எட்வினின் சகோதரி மகன் ஓஸ்வால்டும் அவர் சகோதரர்களும். தாய்மாமன் அரியணை ஏற, மருமக்கள் நாடு கடந்தார்கள். ஓஸ்வால்டுக்கு இடம் கொடுத்தது தந்தை தோற்கடித்த அதே டால் ரியாட்டா. அங்கே ஐரிஷ் மொழியும் கற்றுக்கொண்டார். 633-ல் எட்வின் போரில் இறந்த பிறகு, ஓஸ்வால்ட் சிறு படையோடு வந்து அரியணையைப் பிடித்தார். அது எப்படி என்பதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.