ஒரு வீடுகூட இல்லாத ஊருக்கு ரெண்டு எம்.பி.! ஓல்ட் சாரம் தொகுதியோட கதை

[காட்சி: புல் மூடின மண்மேடு, மேலிருந்து]

இந்த மேட்டை நல்லா பாத்துக்கோங்க. 1832 வரைக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இது ரெண்டு எம்.பி. அனுப்பிச்சுது. அதே நேரத்துல ஒரு லட்சம் ஜனத்துக்கு மேல இருந்த மான்செஸ்டருக்குன்னு தனியா ஒரு எம்.பி.கூட கிடையாது!

இடம் இங்கிலாந்துல வில்ட்ஷயர். பேரு ஓல்ட் சாரம். முன்னாடி கோட்டை, பேராலயம் எல்லாம் இருந்த ஊர்தான். 1220ல புதுப் பேராலயத்தைக் கீழ ஆத்தோரமா கட்ட ஆரம்பிச்சாங்க, ஜனமும் பின்னாலயே இறங்கிடுச்சு. அதுதான் இன்னைக்கு சால்ஸ்பரி. ஊர் போச்சு, தொகுதி மட்டும் அப்படியே இருந்துச்சு.

சரி, ஆளே இல்லாத ஊர்ல ஓட்டு யாரு போட்டா? இங்க ஓட்டு மனுஷனுக்கு இல்லைங்க, மனைக்கு. 'பர்கேஜ்'னு சொல்வாங்க. பழைய ஊர் மனை யார் பேர்ல இருக்கோ அவருக்கு ஓட்டு. கடைசியில இருந்தது 11 வாக்காளர், ஒருத்தர்கூட அங்க குடியில்ல. மனையெல்லாம் ஒரே முதலாளி கையில. தேர்தல் வந்தா, வேண்டப்பட்டவங்க பேருக்கு ஒவ்வொரு மனையா எழுதிக் கொடுப்பார். ஓட்டு விழுந்ததும் பத்திரம் திரும்ப அவர்கிட்டயே வந்துடும். நம்ம பினாமிக்கு இது கொள்ளுத்தாத்தா! வாங்கினவன் கட்சி மாறிட்டா? வழியே இல்ல. ரகசிய வாக்கெடுப்பே 1872லதான் வந்துச்சு, அதுவரைக்கும் ஓட்டை வாயால சொல்லணும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி. 1802 தேர்தல். கட்டடம் ஏது? வயலுக்கு நடுவுல, ஒரு மரத்தடியில, தற்காலிகக் கொட்டகை. தேர்தல் அதிகாரி உத்தரவை வாசிச்சார். அடுத்து என்ன வாசிச்சார் தெரியுமா? லஞ்சத் தடுப்புச் சட்டம்! தொகுதியையே காசு கொடுத்து வாங்கி வெச்சிருக்கிற இடத்துல, முகத்துல சிரிப்பே இல்லாம! ஒருத்தர் எழுந்து ரெண்டு பேரை முன்மொழிஞ்சார். வந்திருந்த மீதி அஞ்சு வாக்காளரும் சரின்னுட்டாங்க. "வேற வேட்பாளர் உண்டா?"ன்னு மூணு தடவை கூவினாங்க. வயக்காட்டுல யாரு வருவா? சிரிச்சீங்களா இல்லையான்னு கமென்ட்ல சொல்லிடுங்க.

நம்ம சென்னைக்கும் இதுல பங்கு உண்டு. 1698லேர்ந்து 1709 வரைக்கும் மதராஸ் கவர்னரா இருந்த தாமஸ் பிட்தான் இந்தத் தொகுதியோட முதலாளி. இங்க 48,000 வராகனுக்கு (அந்தக் காலத்துத் தங்கக் காசு) வாங்கின வைரத்தைப் பிரான்ஸுக்கு 1,35,000 பவுண்டுக்கு வித்தவர். வைரக் காசுலதான் தொகுதியை வாங்கினார்னு நெனச்சுடாதீங்க. தொகுதி 1691லயே வாங்கியாச்சு, வைரம் அப்புறம். பேரன் வில்லியம் பிட் 1735ல இங்கேர்ந்துதான் எம்.பி. ஆனார், பின்னாடி பிரதமரும் ஆனார்.

பிட் குடும்பம் 1802ல இதைக் கேலடன் பிரபுவுக்கு வித்துட்டு நகர்ந்துடுச்சு. விலை 60,000 பவுண்டுன்னு பேச்சு. முப்பதே வருஷம்! 1832 சீர்திருத்தச் சட்டம் இந்த மாதிரி 56 தொகுதியை மொத்தமா தூக்கிடுச்சு. 1800ல அயர்லாந்துல தொகுதிகளை ஒழிச்சப்போ ஒண்ணுக்கு 15,000 பவுண்ட் நஷ்டஈடு கொடுத்தாங்க. 1832ல சல்லிக்காசு கிடையாது.