வெறிச்சோடிக் கிடக்கும் செஸ் மேசை: குறை கட்டியவரிடமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"பூங்காவில் போட்ட செஸ் மேசை வெறிச்சோடிக் கிடக்கக் காரணம் கட்டிய விதமா, ஆட வராத மக்களா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மக்கள் மேல் மூன்று குற்றம் சாட்டினார். பிள்ளைகள் கைப்பேசியை விட்டு வருவதில்லை. காய்களை வைத்தால் களவு போகிறது. நியூயார்க்கில் ஆடுகிறார்கள் என்றால் அது அந்த ஊர்ப் பழக்கம், நம் ஊருக்கு ஒட்டாது. மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், அவர் பழிக்கும் அந்த மேசையில் போய் ஒரு ஆட்டம் உட்கார்ந்து பார்ப்போம், வாருங்கள்.

மாலை நாலரை மணி. இரண்டு பேர் வருகிறார்கள். இருக்கை தரையோடு பதித்தது, இழுத்துப் போட வழியில்லை. இருக்கைக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே ஒன்றரைச் சாண் இடைவெளி. எதிராளியின் கடைசி வரிசையில் இருக்கும் யானையை வெட்ட வேண்டுமானால் பாதி எழுந்து நிற்க வேண்டும். பத்து நகர்த்தலில் இடுப்பு வலிக்கிறது. இது மக்களின் ஆர்வக் குறைவா, நடுவர் அவர்களே? இருக்கையின் முன் விளிம்பு மேசை விளிம்புக்கு நேர் கீழே வர வேண்டும், மிஞ்சிப் போனால் நான்கு விரல் தள்ளி இருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள முடிகிற வீட்டில் இந்தக் கணக்கு வேண்டாம். சிமென்ட்டில் பதித்துவிட்டால் அதுதான் கடைசி.

உயரத்துக்கு வருகிறேன். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, போட்டி மேசைக்கு 74 சென்டிமீட்டர் உயரம் சொல்கிறது. அதற்கு ஏற்ற இருக்கை 43 முதல் 45 சென்டிமீட்டர். மேற்பலகை 6 சென்டிமீட்டர் கனம் என்றால் கீழே 68 சென்டிமீட்டர் மிச்சம். முழங்காலுக்குத் தாராளம். ஆனால் நடுத்தூணை அரையடிக்கு அரையடியாக நிறுத்த வேண்டியவர்கள் ஒன்றரை அடிச் சதுரமாகக் கட்டிவிட்டால் கால் எங்கே போகும்? சாய்ந்து, ஒருக்களித்து உட்கார்ந்துதான் ஆட வேண்டும். ஒரு வரிசையில் ஒரு மேசைக்காவது ஒரு பக்க இருக்கையைப் போடாமல் விட்டுவிட்டால் சக்கர நாற்காலியில் வருபவரும் நேராக வந்து ஆடலாம். இதற்குச் செலவு கூடுவதில்லை, ஒரு இருக்கையின் செலவு குறைகிறது!

இனி பலகை. ஃபிடே சொல்லும் கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ராஜாவின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர். கடையில் கிடைக்கும் போட்டிக் காய்கள் எல்லாம் இந்த அளவுக்குத்தான் வருகின்றன. மேசையில் என்ன நடக்கிறது? குளியலறைக்கு ஒட்டும் நாலங்குல டைல்ஸையே எட்டுக்கு எட்டாக ஒட்டிவிடுகிறார்கள். பத்து சென்டிமீட்டர் கட்டம், எண்பது சென்டிமீட்டர் பலகை. மேசை முழுக்கப் பலகையே நிறைந்துவிட்டது. காய்கள் திடலில் விட்ட கோழிக்குஞ்சு மாதிரி நிற்கின்றன. வெட்டிய காயை வைக்க இடம் இல்லை, கடிகாரம் வைக்க இடம் இல்லை, முழங்கை ஊன்றவும் இடம் இல்லை.

சரியான கணக்கு எளியது. ஐந்தரை சென்டிமீட்டர் கட்டம் எட்டு, 44. கட்டங்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இணைப்பு ஏழு வரும், அது 2.1. ஆக 46 சென்டிமீட்டர் பலகை. மேற்பலகையை 80 சென்டிமீட்டர் சதுரமாக வார்த்தால் நான்கு பக்கமும் 17 சென்டிமீட்டர் கிடைக்கும். இணைப்பின் கணக்கை மறந்துவிட்டுக் கட்டம் போடத் தொடங்குகிறவர் எட்டாவது வரிசையில் மாட்டிக்கொள்வார். கடைசிக் கட்டத்தை வெட்டிச் சிறிதாக்கி ஒட்டியிருக்கும் பலகைகளின் கதை இதுதான்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. செஸ் பலகையில் ஆடுபவருக்கு அருகில் இருக்கும் வரிசையில், வலக்கை மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். பலகையைக் கால் சுற்று திருப்பிப் பதித்துவிட்டால் அந்த இடத்தில் கறுப்பு வந்துவிடும். ராணியை அதன் நிறக் கட்டத்தில் வைக்கப் போனால் ராஜாவும் ராணியும் இடம் மாறிப்போவார்கள். விதி தெரியாமல் பதிக்கும் கொத்தனாருக்குச் சரியாக வர இரண்டில் ஒரு வாய்ப்புதான். வீட்டுப் பலகை என்றால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இது கல். நான்கு பக்கமும் இருக்கை இருந்தால் பக்கவாட்டு இருக்கைக்கு மாறி உட்கார்ந்து சமாளிக்கலாம். இரண்டே இருக்கை போட்ட மேசை காலத்துக்கும் தப்பான மேசை. விதி தெரிந்த பிள்ளை அதைப் பார்த்தவுடன் எழுந்து போகும். தெரியாத பிள்ளை தப்பாகக் கற்றுக்கொள்ளும். எது பெரிய இழப்பு என்று நடுவரே சொல்லட்டும்.

பலகை சரியாக இருந்தாலும் மேசை நிற்கும் திசை சரியாக இருக்க வேண்டும். பூங்காவில் ஆட்டம் காலையிலும் மாலையிலும்தான். அப்போது சூரியன் தாழ்வாக, கிழக்கிலோ மேற்கிலோ நிற்கும். இருக்கைகளைக் கிழக்கு மேற்காகப் போட்டால் இருவரில் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஆட வேண்டும். வடக்கும் தெற்குமாகப் போட்டால் வெயில் இருவருக்கும் பக்கவாட்டில் விழும். வாஸ்து பார்க்கிற ஊரில் இந்தத் திசையையும் ஒருமுறை பார்க்கலாமே!

நிறத்தையும் சொல்ல வேண்டும். பளபளக்கும் கருங்கிரானைட்டும் பளீர் வெள்ளை டைல்ஸும் கடையில் பார்க்க அழகு. பூங்காவில் வெள்ளை கூசும், கறுப்பு சுடும், கறுப்புக் கட்டத்தில் நிற்கும் கறுப்புக் காய் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் போட்டிப் பலகைகளில் பழுப்பும் பச்சையும் ஆள்கின்றன, அவையும் மினுமினுப்பு இல்லாமல். நம் ஊருக்கு மொசைக் பொருத்தம்: வெளிர் மஞ்சளும் மங்கிய பச்சையுமாக, கனிம ஆக்சைடு நிறப்பொடி கலந்து வார்த்துத் தேய்த்தது. பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு தரை எத்தனை வருடம் நிறம் மாறாமல் கிடந்தது என்பதை இந்த அவையில் பலர் அறிவார்கள். அதே பொடிக் குடும்பம்தான். அதை விட்டுவிட்டு, ஈரம் காயாத சிமென்ட் மேல் எனாமல் பெயின்ட்டால் கட்டம் வரைகிறார்கள். சிமென்ட்டின் காரமும் உள்ளே நிற்கும் ஈரமும் சேர்ந்து அந்தப் பெயின்ட்டை உரித்துத் தள்ளிவிடும். இரண்டு மழைக்காலம் போனால் 64 கட்டத்தில் பாதியைத் தேட வேண்டும். கட்டமே இல்லாத பலகையில் மக்கள் எதை ஆடுவார்கள்?

தண்ணீரையும் விடக் கூடாது. மேற்பலகை ரசமட்டத்துக்கு அப்படியே நின்றால் மழைத்தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். 80 சென்டிமீட்டருக்கு 8 மில்லிமீட்டர் சரிவு போதும், காய் நகராது, தண்ணீர் ஓடிவிடும். அந்தச் சரிவு ஆடுபவர் மடியைப் பார்த்து இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். விளிம்புக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்குச் சொட்டுக்கோடு எடுத்துவிட்டால் தண்ணீர் தூண் வழியே இறங்காது. கடலோர ஊர்களில் கம்பி வெளியே எட்டிப் பார்க்கும் அளவுக்கு மெல்லியதாக வார்த்தால் உப்புக்காற்றில் துருவேறி விளிம்பு வெடிக்கும். கரிசல் மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் அடித்தளம் போட்டால், மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கி மேசையைச் சாய்த்துவிடும். சாய்ந்த மேசையில் கனமில்லாத பிளாஸ்டிக் காய் காற்றடித்தால் போச்சு.

நிழல் வேண்டும் என்று மரத்தடியில் போடுவது நல்ல யோசனை. எந்த மரம்? நாவல் மரத்தடியில் போட்டால் பழம் விழும் பருவம் முழுக்க மேசை ஊதாக் கறை. ஆலும் அரசும் என்றால் வேர் அடித்தளத்தைத் தூக்கும், மேலே அடையும் பறவைகளின் எச்சம் கட்டத்தில் விழும். புங்கை நல்ல நிழல். பூ உதிரும் பருவத்தில் ஒரு கை விளக்குமாறு போதும்.

இப்போது எதிரணியின் மூன்று குற்றச்சாட்டுகள்.

கைப்பேசி என்றார். கைப்பேசியில் பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்று பார்த்தாரா? மூன்று நிமிட பிளிட்ஸ் எனும் அதிவேக செஸ் ஆடுகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். அந்தக் கைப்பேசியிலேயே செஸ் கடிகாரச் செயலி இருக்கிறது. 17 சென்டிமீட்டர் ஓரம் விட்ட மேசையில் கைப்பேசியைக் கடிகாரமாகப் படுக்க வைத்து ஆடலாம். ஆர்வம் இல்லாத ஊரா இது? 1972-இல் செஸ் வீரர் மானுவல் ஆரோன் சென்னையில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடி வளர்ந்த ஊர். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்தையே சதுரங்கக் கட்டமாக மாற்றிய ஊர். 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ் பிறந்த ஊர். இந்த ஊரைப் பார்த்து மக்களுக்கு ஆசை இல்லை என்று சொல்ல மனம் எப்படி வருகிறது?

களவு என்றார். முப்பத்திரண்டு காயை மேசை மேல் விட்டுவிட்டுப் போனால் காணாமல்தான் போகும், அதை மறுக்கவில்லை. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் 1952-இல் பெர்னார்ட் பரூக் என்ற செல்வந்தர் கொடுத்த நன்கொடையில் செஸ் வீடு ஒன்று கட்டினார்கள். வெளியே பந்தல் நிழலில் இருபதுக்கும் மேற்பட்ட மேசைகள், காய்களை இரவல் வாங்கிக்கொள்ளலாம். காய் இருக்கும் இடமும் மேசை இருக்கும் இடமும் ஒன்று. நம் பூங்காவிலும் காவலாளி அறையை ஒட்டி மேசை போட்டால், ஓர் அலமாரியும் ஒரு கையெழுத்து நோட்டும் போதும். பெட்டிக்கு 34 காய் வையுங்கள். சிப்பாய் கடைசி வரிசை எட்டினால் ராணியாக மாற்றிக்கொள்ளலாம், அதற்கு இரண்டு ராணி கூடுதலாக வேண்டும். திருப்பித் தரும்போது எண்ணி வாங்கினால் தீர்ந்தது. காவலாளி அறை வடக்கு மூலையில், மேசை தெற்கு மூலையில் என்று வரைபடம் போட்டது மக்களா?

மூன்றாவது, நியூயார்க் பழக்கம். அங்கேயும் இடம் பார்த்துத்தான் ஆட்டம் நடக்கிறது, நடுவர் அவர்களே. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் மேசைகள் தென்மேற்கு மூலையில், ஆட்கள் நுழையும் வாசலை ஒட்டிக் கூட்டமாக இருக்கின்றன. யூனியன் சதுக்கத்தில் ஆட்டக்காரர்கள் தாங்களே மேசை கொண்டுவந்து போடுகிறார்கள், அதுவும் சுரங்க ரயில் நிலையத்துக்கு ஏறி இறங்கும் கூட்டத்தின் நடுவில். ஜெனிவாவின் பாஸ்டியன் பூங்காவில் தரையில் தீட்டிய பெரும் பலகைகள் நுழைவாயிலின் அருகிலேயே. வேடிக்கை பார்க்க ஆள் இருக்கும் இடத்தில்தான் செஸ் வளரும். பார்த்து நின்றவர் நாளை உட்காருவார். நம் பூங்காவில் கடைசி மூலையில், குப்பைத்தொட்டிக்குப் பின்னால், ஒற்றை மேசை. தனி மேசைக்கு வருபவர் எதிராளியை எங்கே தேடுவார்? நான்கு மேசையாவது ஒரே இடத்தில் வேண்டும். மேசைக்கு மேசை இரண்டு மீட்டர் விட்டால்தான் பின்னால் நின்று பார்க்க இடம் இருக்கும். நடைபாதை ஓரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், விளக்கடியில். அந்த விளக்கும் ஆடுபவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவர் நிழலே பலகையை மூடிவிடும், பக்கவாட்டில் மேலிருந்து விழ வேண்டும்.

"மேசையில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிறார்கள்" என்றும் எதிரணியில் ஒரு சகோதரி வருத்தப்பட்டார். சாப்பிடட்டும், அம்மா. அந்தப் பூங்காவில் நிழலில் உட்கார வேறு பெஞ்சு போடவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. பக்கத்தில் இரண்டு பெஞ்சு போட்டால் டிபன் அங்கே போகும், மேசை ஆட்டக்காரருக்குக் கிடைக்கும்.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே. எதிரணியிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மேசை கட்டும் இடத்துக்குச் சிமென்ட் காய்வதற்கு முன் ஒரு செஸ் பெட்டியோடு போங்கள். இருக்கையில் உட்கார்ந்து வலக்கை மூலைக் கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். எட்டாவது வரிசை யானையைக் கை நீட்டி எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டம் கறுப்பாக இருந்தாலோ யானைக்குக் கை எட்டாவிட்டாலோ, அங்கேயே கொத்தனாரிடம் சொல்லிவிடலாம். அன்றைக்குத் திருத்த அரை மணி நேரம் போதும்.

நன்றி, வணக்கம்.